விஷத்துக்கு மாத்திரம் தமிழா?

கடையில் ஒரு மிக்ஸி வாங்கினாலும், தண்ணீர் இறைக்கும் மோட்டார் வாங்கினாலும், முதுகில் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சிறு புஸ்தகம் இருப்பது யாவரும் அறிந்த விஷயமே. அதை நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கியாரண்டிக் காகிதம் அதில் இருக்கிறதென்று சொல்லி, பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்த்துப் பரண்மேல் போட்டுவிடுகிறோம். படிக்காமலே பத்திரப்படுத்தப்படும் புஸ்தகங்கள் நம் நாட்டில் முன்பே அநேகம் உண்டு. அவைகளைப்பற்றி இம்மாதிரிப் பத்திரிகைகள் வேண்டிய அளவு எழுதியிருக்கின்றன. இன்று நாம் எழுத வந்தது இந்தப் புதுப் புஸ்தகத்தைப்பற்றி.

இதை எழுதுகிறவர்கள் யார் என்று நம்மில் அநேகர் யோசித்ததே இல்லை. யந்திரம் செய்தவனே எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி அல்ல. இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. பெரிய கம்பெனிகளில், முக்கியமாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில், இதற்கென்றே ஒரு இலாகா இருக்கிறது. சாமானை எப்படிப் பூட்டுவது, எப்படி ஓட்டுவது, கோளாறு வந்தால் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடவே கூடாது என்பவைகளை, சாமானை ஒரு நாளும் பார்த்திராதவனுக்கும் விளங்கும்படி எழுதுவதே அவர்கள் வேலை. உபயோகக் குறிப்பு எழுதுகிறவர்கள் என்று அவர்களை நாம் சொல்லலாம்.

திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சி ரோட்டில் ஒரு கிராமத்தைச் சேர்ந்த தோழர் ஒருவர் இந்த உத்தியோகத்தில் இருக்கிறார். சென்னையில் ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். சனிக்கிழமை ஊருக்கு வந்தால் நம்மைக் கண்டு பேசிவிட்டுத்தான் போவார். அவர் சொன்ன சங்கதிகளே இந்த வியாசத்துக்குக் காரணம்.

அவருடைய வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு கடைக்காரன் தன் சரக்குக் கணக்கை வைத்துக்கொள்ள ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. அதைச் சென்னையில் இருந்துகொண்டு செய்கிறார்கள். அதில் எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும் என்பதை நம் தோழர் இங்கிலீஷில் எழுதுகிறார். இரவு பத்து மணிக்கு இன்ஜினியர், "அந்தப் பொத்தானின் பேரை மாற்றிவிட்டோம்" என்று ஒரு வரி அனுப்புவார். உடனே அந்தப் பேர் வருகிற நாற்பது ஐம்பது பக்கங்களைத் தேடிப்பிடித்துத் திருத்தவேண்டும். படங்களைத் திரும்ப எடுக்கவேண்டும். விடிந்தால் சரக்கு வெளியாகவேண்டும். சந்தேகம் கேட்டால், "கோடைப் படித்தாலே தெரியுமே" என்பார்களாம். கோடைப் படிக்கத் தெரியாதவனுக்காகத்தானே இவர் எழுதுகிறார் என்பதை யோசிக்க அவர்களுக்கு அவகாசம் இல்லை. எழுதினது சரியாயிருந்தால் ஒருவருக்கும் இவர் பேர் தெரியாது. தப்பாயிருந்தால் மாத்திரம் மேலிடம் வரைக்கும் இவர் பேர் போகும்.

அந்தக் காரியாலயத்தில் ஒரு வருணாசிரமம் இருக்கிறது. கோடு எழுதுகிறவர் பிரமாவின் முகத்தில் பிறந்தவர். அதைச் சோதித்துப் பார்க்கிறவர் தோளில் பிறந்தவர். குறிப்பு எழுதுகிறவர் எங்கே பிறந்தார் என்பதை இன்னும் யாரும் நிர்ணயிக்கவில்லை. சம்பளம் உயர்த்துகிற மாதத்தில் மாத்திரம் அது தெரியும். அதற்கும் கீழே, ராத்திரியில் அமெரிக்கக்காரனுடைய கோபத்தை டெலிபோனில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள். எல்லோருக்கும் கீழே, யாவருக்கும் முன்பாக வந்து தரை துடைக்கிறவர்கள். இந்தப் பெரிய கட்டடங்களில் சாதி இல்லையென்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு அதை ஒப்புக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம்.

நிற்க, நம் தோழரை உறுத்துவது சம்பளம் அல்ல. அவர் எழுதுகிற குறிப்பு இங்கிலீஷோடு நிற்பதில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பான், டச்சு, போர்த்துகீசு என்று பத்துக்கு மேற்பட்ட பாஷைகளில் மொழிபெயர்க்கப்பட்டுப் போகிறது. அதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள், ஆள் வைக்கிறார்கள், ஒவ்வொரு வார்த்தைக்கும் அகராதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காரியாலயத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் காதில் விழுகிற பாஷை தமிழ். ஆனால் பட்டியலில் இல்லாத பாஷையும் தமிழே! "ஏன் இல்லை?" என்று ஒருமுறை கேட்டாராம். "யாரும் கேட்கவில்லையே" என்று பதில் வந்ததாம்.

இந்தப் பதிலில் பொய் இல்லை என்பதுதான் நமக்கு வெட்கமாயிருக்கிறது.

போன வருஷம் அவர் தகப்பனாருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். மணிலாக் கொல்லையில் புழு விழுந்ததென்று கடையில் ஒரு மருந்துப் புட்டி வாங்கி வந்தார். பெரியவர் தமிழ் நன்றாய்ப் படிப்பார். தினம் பத்திரிகை பார்க்கிறவர். புட்டியில் ஒட்டிய காகிதத்தில் தமிழும் இருந்தது. ஆனால் எள்ளுக்குப் பாதி அளவு எழுத்து. இதில் ஹெக்டேருக்கு இத்தனை மில்லி, இத்தனை லிட்டர் தண்ணீரில் என்று அச்சிட்டிருந்தது. ஹெக்டேர் என்பது எந்த ஊர் அளவு? நம் பக்கத்தில் ஏக்கர் தெரியும், காணி தெரியும், சென்ட் தெரியும். தண்ணீரையோ ஸ்பிரேயர் டேங்க் கணக்கில்தான் அறிவார்கள். கடைசியில் கடைக்காரன் வாயால் சொன்னதே வேதவாக்காகியது: "டேங்க்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க பெரியவரே." எந்த மூடி என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. செடி கருகிற்று. காற்றுக்கு எதிரே நின்று அடித்ததால் பெரியவருக்கு இரண்டு நாள் தலைசுற்றலும் வாந்தியும். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். மகன், சிக்காகோவிலுள்ள கடைக்காரன் ஒரு பொத்தானைத் தவறி அமுக்காமலிருக்க மூன்று பக்கம் எழுதிக்கொண்டிருந்த அதே வாரத்தில் இது நடந்தது.

இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய சாஸ்திரமல்ல. உதாரணத்துக்கு, ஹெக்டேருக்கு 1000 மில்லி மருந்து 500 லிட்டர் தண்ணீரில் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டருக்கு 2 மில்லி ஆகிறது. 16 லிட்டர் டேங்க்குக்கு 32 மில்லி. ஏக்கருக்குச் சுமார் 400 மில்லி மருந்து, 200 லிட்டர் தண்ணீர், அதாவது பன்னிரண்டரை டேங்க். நாலாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. ஆனால் இதை வரப்பில் நின்றுகொண்டு, வெயிலில், கையில் விஷத்தை வைத்துக்கொண்டு ஒரு குடியானவன் போடவேண்டுமென்று எதிர்பார்க்கலாமா? கம்பெனிக்காரன் தன் ஆபீசில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை போட்டு, "16 லிட்டர் டேங்க்குக்கு 32 மில்லி" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டால் முடிகிற காரியமல்லவா?

சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 1968ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ் 1971-ல் செய்த விதிகளில், புட்டியின்மேல் ஒட்டும் காகிதமும் உள்ளே வைக்கும் துண்டுப் பிரசுரமும் ஹிந்தி, இங்கிலீஷ் ஆகியவைகளிலும், மருந்து விற்கும் பிரதேசத்தில் வழங்கும் ஒன்றிரண்டு பாஷைகளிலும் இருக்கவேண்டும் என்று கண்டிருக்கிறது. வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டு, அதன் கீழ்ப்பாதியில் நிறம் காட்டவேண்டும் என்றும் இருக்கிறது. சிவப்பு இருந்தால் மகாக் கொடிய விஷம்; மஞ்சள் அதற்கு அடுத்தது; நீலம் அதற்கும் குறைவு; பச்சை எல்லாவற்றிலும் குறைவு. (பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமல்ல.) சிவப்புக்கு மண்டையோட்டுப் படமும் சேரும். இந்த நான்கு நிறங்களின் அர்த்தத்தை எத்தனை பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? நம் கிராமங்களில் விளையும் பையன்களுக்கு வால்டேர் பிறந்த தேதி தெரிகிறது. தகப்பன் கையிலுள்ள புட்டியின் நிறம் தெரிவதில்லை.

ஆனாலும், எழுத்து எவ்வளவு சிறியதானாலும், அந்தப் புட்டியில் தமிழ் கட்டாயமாக ஏறியது சட்டம் இருந்ததால். மற்றச் சாமான்களுக்கு வாருங்கள். 2011-ல் செய்த பொட்டலச் சாமான் விதிகளின்படி, பெட்டியின்மேல் போடவேண்டிய விவரங்கள் தேவநாகரி எழுத்தில் ஹிந்தியிலாவது இங்கிலீஷிலாவது இருக்கவேண்டும். வேறு பாஷையையும் கூடச் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லையாம்! எவ்வளவு தாராளம் பாருங்கள். வீட்டுக்காரனைத் திண்ணையில் உட்காரவைத்து, "நீயும் வேண்டுமானால் உன் வீட்டில் இருந்துகொள், தடையில்லை" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பின்பு 2019-ல் வாங்குவோர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று செய்தார்கள். கேடு வராமல் உபயோகிக்கப் போதுமான குறிப்பும் எச்சரிக்கையும் கொடுக்காத உற்பத்திக்காரன் நஷ்டஈடு கொடுக்கப் பாத்தியப்பட்டவன் என்று அதன் 84வது பிரிவு சொல்லுகிறது. நல்ல பிரிவுதான். ஆனால் எந்தப் பாஷையில் கொடுத்தால் போதும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. ஊமைக்குச் செவிடன் சாட்சி சொன்ன கதையாக அது முடியாமலிருந்தால் சரி.

ஆகவே இந்நாட்டில் சட்டம் போட்டுத் தமிழ் பேசவைத்திருப்பது விஷத்தைத்தான். உயிரை எடுக்கக்கூடிய சரக்கு தமிழில் வரவேண்டும். உயிரைக் காப்பாற்றி வேலையைச் சுலபமாக்குகிற யந்திரம் தமிழில் வரவேண்டியதில்லை. சாவதற்கு ஒரு பாஷை, வாழ்வதற்கு ஒரு பாஷையா?

விழுப்புரம் ஜங்ஷன் ஊராகையால் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. 2019 மே மாதத்தில் மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் நடுவே ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிராக விடப்பட்டு, நல்ல வேளையாக மோதாமல் நின்றன. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னது இன்னொருவருக்குச் சரியாகப் புரியாததே காரணமென்று பேசப்பட்டது. அதற்கு ரயில்வே அதிகாரிகள் கண்டுபிடித்த பரிகாரம் என்ன? மறுமாதமே, கட்டுப்பாட்டு ஆபீசும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ பேசிக்கொள்ளவேண்டும், பிரதேச பாஷையைத் தவிர்க்கவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை! தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களுக்குள் வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் வாங்கினார்கள் என்பது சரி. முதலில் அப்படித் தோன்றிற்றே, அந்தப் புத்தியைப்பற்றித்தான் நாம் சொல்லுகிறோம். எங்கே குழப்பம் வந்தாலும் ஜனங்களுடைய பாஷையே குற்றவாளி.

மேல்நாட்டில் எப்படி நடக்கிறது? ஐரோப்பிய யூனியன் 2006-ல் செய்த யந்திரச் சட்டத்தின்படி, எந்தத் தேசத்தில் யந்திரம் விற்கப்படுகிறதோ அந்தத் தேசத்தின் பாஷையில் உபயோகக் குறிப்பு இல்லாமல் விற்கக்கூடாது. 2023-ல் இதற்குப் பதிலாக ஒரு புதுச் சட்டம் செய்தார்கள். காகிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் மூலமாகக் கொடுக்கலாம் என்று அதில் இளக்கம் காட்டினவர்கள், பாஷை விஷயத்தில் இளக்கம் காட்டவில்லை. அங்கே எஸ்தோனியா என்று ஒரு சிறு தேசம். ஜனத்தொகை 13 லட்சத்துச் சொச்சம். ஸ்லோவேனியா என்று இன்னொன்று. சுமார் 21 லட்சம். கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தின நம் விழுப்புரம் ஜில்லாவின் தொகை 2011 ஜனக்கணக்கில் 34½ லட்சம். அதாவது அவ்விரண்டு தேசங்களையும் கூட்டினால்தான் ஏறக்குறைய நம் பழைய ஜில்லா ஒன்றுக்குச் சமானம்! எஸ்தோனியாக்காரன் ஒரு மரம் அறுக்கும் யந்திரம் வாங்கினால் அவன் பாஷையில் குறிப்பு வருகிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்ப் அங்கே போனாலும் அந்தப் பாஷையில் குறிப்போடுதான் போகவேண்டும். அதே பம்ப் விக்கிரவாண்டிக்கு வந்தால் இங்கிலீஷ். 2011-ல் 7 கோடியே 21 லட்சம் பேர் இருந்த தமிழ்நாட்டுக்கு, 13 லட்சம் பேருக்குள்ள மரியாதை இல்லை. காரணம் அவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதல்ல. அவர்கள் கேட்டார்கள், சட்டமாக எழுதி வைத்துக்கொண்டார்கள். நாம் பரண்மேல் போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் நம் நண்பர்களே சிலர் குறுக்கிட்டு, "இங்கிலீஷ் எல்லோரும் படித்துவிட்டால் போகிறது, தமிழில் எதற்கு?" என்பார்கள். நாம் இங்கிலீஷுக்கு விரோதிகள் அல்ல. நம் பிள்ளைகள் வேண்டிய மட்டும் படிக்கட்டும். அதனால் உலகம் தெரிகிறது, உத்தியோகம் கிடைக்கிறது. ஆனால் அறுபது வயதில் மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறக்கிறவனைப் பார்த்து, "முதலில் இங்கிலீஷ் படித்துவிட்டு வா, பிறகு உயிர் பிழைக்கலாம்" என்று சொல்வது பகுத்தறிவாகுமா? தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தவன் அர்த்தம் தெரியாத மந்திரத்தைத் திருப்பிச் சொல்வதை நாம் பரிகாசம் செய்கிறோம். அர்த்தம் தெரியாத குறிப்பை வைத்துக்கொண்டு யந்திரத்தை ஓட்டுகிறவன் நிலைமை அதைவிட மோசம். மந்திரம் தப்பினால் தட்சிணை மாத்திரம் போகும்.

இன்னும் சிலர் தமிழில் வார்த்தை இல்லை என்பார்கள். இது மிகப் பழைய பொய். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் பிஷ் கிறீன் என்பவர், மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறுபற்றி மனுஷ அங்காதிபாதம் என்ற பெரிய புஸ்தகம் 1872-லும், ரசாயனம்பற்றிக் கெமிஸ்தம் என்பது 1875-லும் அவர் முயற்சியால் வெளிவந்தன. மதம் பரப்ப வந்த சங்கத்தின் ஆள் என்கிற முறையில் அவரோடு நமக்கு வேறு வழக்கு உண்டு. இந்த வழக்கில் அவர் நம் பக்கத்துச் சாட்சி. உடற்கூறையும் வைத்தியத்தையும் கற்பிப்பதற்கு 150 வருஷத்துக்கு முன்பே போதுமாயிருந்த தமிழ், ஒரு பம்ப் செட்டுக்குப் போதாதா?

அவ்வளவு தூரம் போவானேன்? திண்டிவனத்திலேயே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று பேர் வைத்த மணிலா ரகங்களும் எள் ரகங்களும் இந்தியாவெங்கும் போயிருக்கின்றனவே, அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனமே. அந்த ரகங்களை எப்படி விதைப்பது, எப்போது களையெடுப்பது என்பவைகளை விவசாயக் கலாசாலையார் தமிழில் அச்சிட்டுக் கொடுத்துவருகிறார்கள். விதைத்த 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கவேண்டும், ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் காய் திரள உதவும் என்று சொன்னால் நம் பக்கத்தில் விளங்காத குடியானவன் உண்டா? எப்போது, எவ்வளவு, எதற்காக என்கிற மூன்றும் அதில் இருக்கின்றன. இதுவும் உபயோகக் குறிப்புத்தான். பூமிக்கு எழுதத் தெரிந்த தமிழ் யந்திரத்துக்கும் எழுதும்.

ஆனால் எந்தத் தமிழில் எழுதுவது என்பதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று பண்டிதர் தமிழ். ஸ்டார்ட்டருக்கு ஒரு பேர், காயிலுக்கு ஒரு பேர், வால்வுக்கு ஒரு பேர் என்று மெக்கானிக் வாயில் ஒருநாளும் நுழையாத பேர்களாகப் போட்டு, கீழே இங்கிலீஷில் அர்த்தம் எழுதவேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மற்றொன்று கம்ப்யூட்டர் தமிழ். நாம் கண்ட ஒரு மோட்டார் காகிதத்தில், "உலர் ஓட்டத்தைத் தவிர்க்கவும்" என்று இருந்தது. பத்துப் பேரைக் கேட்டோம். ஒருவர், ஈரக்கையால் தொடக்கூடாது என்று அர்த்தம் சொன்னார். இன்னொருவர், மழையில் ஓட்டச் சொல்லுகிறானா என்று கேட்டார். விஷயம் என்னவென்றால், கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை ஓட்டாதே என்பதுதான்! இப்படி எழுத ஒரு கம்ப்யூட்டருக்கும் தோன்றவில்லை; அதை வாங்கிப் படித்துப் பார்க்க ஒரு மனிதனும் அங்கே இல்லை.

வெள்ளைக்காரன் தன் பாஷையையே இந்தக் காரியத்துக்காகச் சுருக்கிக்கொண்டான் என்பது அநேகருக்குத் தெரியாது. ஆகாயவிமானம் பழுதுபார்க்கும் குறிப்புகளைப் பல தேசத்து மெக்கானிக்குகள் படிக்கவேண்டியிருந்தபடியால், 1980களில் ஐரோப்பிய விமானக் கம்பெனிகள் கூடி ஒரு எளிய இங்கிலீஷை ஏற்படுத்தினார்கள். ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம். செய்யச் சொல்லும் வாக்கியம் இருபது வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. படிக்கிறவனுக்கு இங்கிலீஷ் போதாது என்று அவனைத் திட்டாமல், தங்கள் எழுத்தைத் திருத்திக்கொண்டார்கள். வாக்கியம் புரியாமல் ஒரு திருகாணி தவறினால் ஆகாயத்தில் இருநூறு பேர் என்பது அவர்களுக்குத் தெரியும். பூமியில் ஒருவன் சாவதானால் பரவாயில்லை போலும்.

இப்போது நம் தோழர் ஒரு புதுக் கவலையோடு வருகிறார். எழுதுகிற வேலையையே கம்ப்யூட்டர் செய்துவிடுகிறதாம். பத்துப் பேர் செய்ததை நாலு பேர் செய்யலாம் என்று மேலிடத்தில் கணக்குப் பார்க்கிறார்களாம். கவலை நியாயமானதே. யந்திரம் வந்து கையுழைப்பு மிச்சப்பட்டால் நாம் வரவேற்கத்தான் வேண்டும்; ஆனால் மிச்சப்பட்டது எவன் பைக்குப் போகிறது என்று கேட்காமல் வரவேற்பது முட்டாள்தனம். தவிர, அந்தக் கம்ப்யூட்டர் ஏற்கனவே எழுதப்பட்டதைப் பார்த்துத்தான் எழுதும். இங்கிலீஷில் மலைமலையாக இருக்கிறது, எழுதும். தமிழில் எழுதி வைக்காததை எங்கேயிருந்து எடுக்கும்? "உலர் ஓட்டம்" என்றுதான் எழுதும். ஆகையால் தமிழில் இந்த வேலை இன்னும் ஆரம்பமே ஆகவில்லை என்பது நம் அபிப்பிராயம். இங்கிலீஷில் ஆள் குறைக்கிற அதே வருஷத்தில் தமிழில் ஆள் சேர்க்க இடமிருக்கிறது.

ஆளுக்கா பஞ்சம்? வானூர் தாலூகா திருச்சிற்றம்பலத்தில் 63 ஆயிரம் சதுர அடியில், 31 கோடி ரூபாய்ச் செலவில் சிறு டைடல் பார்க் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் கம்பெனி பட்டணத்தில்தான் இருக்கவேண்டும் என்கிற மூடநம்பிக்கையைத் தென்காசிப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் ஜோஹோ கம்பெனியார் முன்பே உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். கட்டடம் இருக்கிறது, கம்பி இருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு உத்தியோகமில்லாமல் பரீட்சைமேல் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் சுற்றப் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவரையும் அவரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்தால் குறிப்பு தயாராகிவிடும். ஒருவர் கழற்றிப் பூட்டவேண்டும். மற்றவர் பார்த்து எழுதவேண்டும். எழுதினதை ஒரு குடியானவ அம்மாளிடம் கொடுத்து அதன்படி செய்யச் சொல்லிப் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்கவேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே எழுத்து தப்பு. அவர் தப்பல்ல. நம் தோழர் கம்பெனியில் அமெரிக்கனுக்கு இப்படித்தான் சோதிக்கிறார்களாம்.

பணம் யார் கொடுப்பது என்று கேட்பார்கள். யந்திரம் விற்று லாபம் அடைகிறவன் கொடுக்கவேண்டும். எஸ்தோனிய பாஷைக்கு அவன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். தமிழ்நாட்டில் விற்கும் சாமானுக்குத் தமிழில் குறிப்பு இல்லாவிட்டால் விற்க இடமில்லை என்று ஒரு விதி வந்தால் மறுநாளே பணம் கிடைத்துவிடும். அந்த விதியை டில்லி செய்யவேண்டுமா, சென்னை செய்யலாமா என்பதை வக்கீல்கள் தர்க்கித்துக்கொள்ளட்டும். சர்க்கார் மானியத்தில் கொடுக்கிற பம்ப், பவர் டில்லர், ஸ்பிரேயர் ஆகியவைகளுக்காவது, தமிழ்க் குறிப்பு இல்லாத சாமானை எடுப்பதில்லை என்று டெண்டரில் ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தச் சட்டசபையும் கூடவேண்டியதில்லை.

தகப்பனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் நம் தோழர் ஒரு காரியம் செய்தார். ஸ்பிரேயர் கலக்கும் முறையை ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதை முதல் வரியில் வைத்தார். லிட்டருக்கு ஒரு மில்லி என்றால் டேங்க்குக்கு எத்தனை, ஒன்றரை என்றால் எத்தனை, இரண்டு என்றால் எத்தனை என்று ஒரு வாய்ப்பாடு போட்டார். நான்கு நிறங்களையும் வரைந்து அர்த்தம் எழுதினார். "மூடியால் அளக்காதே, அளவுக் குவளையால் அள" என்பதைத் தகப்பனார் சொல்லி எழுதச்செய்தாராம். ஐம்பது காப்பி எடுத்து அந்தக் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்திருக்கிறார். அவரோ, ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது, இன்னும் நூறு வேண்டும், மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் இதேமாதிரி ஒன்று எழுதிக் கொடுங்கள் தம்பி என்று சொல்லியனுப்பினாராம். சம்பளமில்லாத இந்த வேலையைத்தான் இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துகொண்டிருக்கிறார்.

"யாரும் கேட்கவில்லையே" என்றார்களல்லவா? கேட்டுவிடுவோம். நம் வாசகர்கள் இனி மோட்டாரோ, மிக்ஸியோ, தையல் மிஷினோ எது வாங்கினாலும் பெட்டியைக் கடையிலேயே திறந்து, தமிழ்க் குறிப்பு எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் சண்டை போடவேண்டாம், கடைக்காரர் பாவம். புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கம்பெனியின் விலாசம் இருக்கும். சாமானின் பேரையும் வாங்கிய தேதியையும் கண்டு, "தமிழில் உபயோகக் குறிப்பு அனுப்பவும்" என்று ஒரு கார்டு, தமிழிலேயே எழுதிப் போடுங்கள். பதில் வந்தால் ஒரு பிரதி நமக்கு அனுப்புங்கள். வந்த பதில்களையும், வராத பதில்களின் கணக்கையும், ஊர் பேரோடு இந்தப் பக்கத்திலேயே பிரசுரிப்போம்.